எப்போதும் அனுமதி

தனசேகரின் போனில் பச்சைப் புள்ளி எரிந்தது.

யாரும் அதைத் தொடவில்லை. பாகாலா ஸ்டேஷன் ரோடு மத்தியான வெயிலில் காய்ந்து கிடக்க, செல்போன் ரிப்பேர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தயிர்சோறு தின்ற கையைத் துடைத்துக்கொண்டு, மேலே கடகடத்த ஃபேன் சத்தத்தைக் கேட்டபடி அவன் மேஜையில் தலைசாய்க்கப் போன நேரம். திரையின் மூலையில் கடுகளவு பச்சை. காமிராவோ மைக்கோ ஓடும்போது மட்டும் எரிகிற புள்ளி அது. எந்த ஆப் என்று தட்டிப் பார்த்தான். பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

அவனுக்குச் சுருக்கென்றது. காலையில்தான் மாங்காய் மண்டி முனிரத்தினத்திடம் இதே போனைக் காட்டிப் பீற்றியிருந்தான்.

"எது வாங்குனா எவனும் நம்மள நோட்டம் வுடமாட்டான், சேகரு?" என்று கேட்டார் அவர்.

"ஆண்ட்ராய்டுன்னா ஜன்னலு ஜாஸ்திண்ணா, நீதான் ஒண்ணொண்ணா சாத்தணும். ஐபோனு கோட்ட மாதிரி. ஆனா எந்தக் கதவத் தொறக்கணும்னு கம்பெனிக்காரன்தான் சொல்லுவான். என்னுது பாரு. கம்பெனி சரக்கெல்லாம் தொடச்சிட்டு நானே வேற சிஸ்டம் ஏத்திக்கினுகீறேன். இதுக்கு நான்தான் ராஜா."

"சரே, எனக்கும் அதே போட்டுக் குடு."

பேச்சில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஊருக்கெல்லாம் பூட்டு விற்ற இந்த வாய்தான் கன்னிகாவையும் ஏமாற்றியது.

ஆடி மாதம் அவள் உடைந்த டிஸ்ப்ளேயோடு வந்தாள். ரிப்பேருக்கு வரும் போனின் முதுகில் வெள்ளை டேப் ஒட்டி, ஒன்பது புள்ளி வைத்து, லாக்கைத் திறக்கும் பேட்டர்னை வரைந்து வாங்கிக்கொள்வது கடை வழக்கம். யாரும் யோசிக்காமல் வரைந்துவிடுவார்கள். அவள் மட்டும் தயங்கினாள்.

"பேட்டர்னு எதுக்குண்ணா?"

"டச்சு வேல செய்யுதான்னு பாக்க வேணாவாம்மா?"

"வேற எதையும் பாக்கமாட்டியேண்ணா?"

"உன் கூடப் பொறந்தவன்னு நெனச்சிக்கோ."

நம்பி வரைந்து கொடுத்தாள். அன்று சாயங்காலமே அவள் புருஷன் திலீப் பிரியாணிப் பொட்டலமும் பாட்டிலுமாக வந்தான். அவள் எங்கே போனாலும் அவனுக்குக் காட்டிக்கொடுக்கும் ஆப் ஒன்றை தனசேகர் போனுக்குள் ஒளித்து வைத்தான். அடி தாங்காமல் அவள் வெதுருகுப்பத்தில் தோழி வீட்டுக்கு ஓடினாள். திலீப் நேராக அங்கே போய் நின்றான். அந்த ஊர் மாந்தோப்புக் கிணற்றிலிருந்துதான் அவளைப் பிணமாக எடுத்தார்கள். திலீப் ஜெயிலுக்குப் போனான். இடம் எப்படித் தெரிந்தது என்று தனசேகரை ஒருவரும் கேட்கவில்லை. பாவி, ஒரு வேளைச் சோறுகூட அவன் குறைக்கவில்லை.

இப்போது போனை அணைத்தான். கறுத்த திரையில் புள்ளி மட்டும் எரிந்தது. மூடியை நெம்பி, ஸ்க்ரூவைக் கழற்றி, பேட்டரியைப் பிடுங்கி மேஜையில் போட்டான். அப்படியும் எரிந்தது.

கரண்ட் போனது. ஃபேன் முனகிக்கொண்டே நின்றது. அந்த அமைதியில் எங்கிருந்தோ பாசி வாடை வந்தது, நாள்பட்ட கிணற்றுத் தண்ணீரின் வாடை. பின்னால் சொட்டுச் சத்தம். கடையில் தண்ணீர்க் குழாயே கிடையாது.

ஷெல்ஃபில் ரிப்பேருக்கு வந்த போன்கள். போர்டு செத்தவை, கண்ணாடி நொறுங்கியவை, பேட்டரி இல்லாதவை. ஒன்றில் பச்சை எரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு எல்லாவற்றிலும்.

எல்லாத் திரையிலும் ஒரே கேள்வி.

'தனசேகரைப் பயன்படுத்த கன்னிகாவை அனுமதிக்கவா?'

கீழே 'அனுமதிக்காதே' இருக்க வேண்டும். 'இந்த முறை மட்டும்' இருக்க வேண்டும். தேடினான். ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

'எப்போதும்.'

அவன் தொடவில்லை. கையை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

முதுகில் ஈரம்.

ஒரு விரல். ஒன்பது இடத்தில் அழுத்தியது. நிதானமாக. பிறகு கோடு இழுத்தது. மேலிருந்து கீழே. குறுக்கே. மறுபடி மேலே.

அந்தப் பேட்டர்ன் அவனுக்குத் தெரியும்.

"டச்சு வேல செய்யுதான்னு பாக்க வேணாவாண்ணா?"

கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. இடுக்கியிருந்த கை தானாக வெளியே வந்தது. ஷட்டரைத் தூக்கியது. அவன் தூக்கவில்லை.

கண்ணாடிக் கதவில் தன் முகத்தைப் பார்த்தான். இரண்டு கண்ணின் மூலையிலும் கடுகளவு பச்சை. இமையை மூடப் பார்த்தான். மூடவில்லை.

வெயிலில் இறங்கிக் கால்கள் நடந்தன. எதிரே வந்த முனிரத்தினம் சிரித்தார்.

"இன்னா சேகரு, முதுகுல டேப்பு ஒட்டிக்கினு எங்க போற?"

உள்ளேயிருந்து அவன் கதறினான். வெளியே உதடுகள் அவரைப் பார்த்துச் சிரித்தன. கால்கள் வெதுருகுப்பம் ரோட்டில் திரும்பின.