பதில் வரி

இறந்தவர் அறையின் ஜன்னலை சிபில்லா தன் கையாலேயே திறந்து வைத்திருந்தாள். ஆன்மா வெளியே போக வழி வேண்டும். அந்த மலையூரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. காலையில் போய்ப் பார்த்தால் ஜன்னல் சாத்தியிருந்தது. உள்பக்கக் கொக்கியும் மாட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு உர்சுலாவின் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். யார் வீட்டுப் புகைபோக்கியில் புகை வருகிறது, யார் வீட்டு ஜன்னலில் சூடு வீணாகிறது என்று பார்ப்பதையே முழுநேரத் தொழிலாக வைத்திருப்பவள் உர்சுலா. துக்கத்துக்கென்று பயறு சூப் கொண்டுவந்தவளிடம் கேட்டுவிட்டாள்.

"நான் ஏண்டி சாத்துறேன்? பொணம் கெடக்குற ரூமுக்குள்ள ஒத்தையில போறதுக்கு எனக்கென்ன கிறுக்கா? காத்துல சாத்தியிருக்கும்."

"கொக்கியையும் காத்துதான் மாட்டுச்சா?"

"அப்ப உங்கப்பாவே எழுந்து மாட்டியிருப்பாரு. குளிருன்னா அவருக்கு ஆகாதே." சொல்லிவிட்டு உர்சுலாவே சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, கோயிலில் அடுப்பு மூட்ட வேண்டும் என்று சாக்குச் சொல்லிக் கீழே இறங்கிப் போய்விட்டாள். வீட்டில் சிபில்லாவும் அப்பாவும் மட்டும்தான்.

அப்பா யோப்ஸ்ட், காலுறை நெய்து பிழைத்தவர். ஆனால் ஊர் அவரைக் கவிஞர் என்றுதான் சொல்லும். ஞாயிறு மதியம் கூடும் ஜெபக்கூட்டத்தில் அவருடைய ஈரடிப் பாட்டுகளைச் சொல்லிச் சொல்லிக் கண்ணீர் விடுவார்கள். முதல் வரி கேட்கும், இரண்டாம் வரி பதில் சொல்லும். கேட்பது அப்பா. பதில் சொல்வது சிபில்லா. அது ஊருக்கே தெரியும், ஒருவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு வரியைச் சொல்லிவிட்டு, விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். பதில் வரும்வரை யாரும் கரண்டியைத் தொடக் கூடாது. எத்தனை சூப் அப்படி ஆறிப்போயிருக்கும். எத்தனை வருஷம் அப்படிப் போயிருக்கும்.

மலையடிவாரத்து நகரமான நாகோல்டில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் லீன்ஹார்ட், மனைவியை இழந்தவன், மூன்று முறை வந்து பெண் கேட்டான். மூன்று முறையும் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொன்னாள். நான்காம் முறை அப்பாவைப் பார்க்காமல் சரி என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அப்பா படுத்தார். சாகும்போது உர்சுலாவும் இருந்தாள். அவருடைய கண் மகள் மேலேயே இருந்தது.

"எல்லாம் அவனுக்குள் அடக்கமென்றால், வெளியே என்பது எங்கே?"

கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு.

கேட்ட மாத்திரத்தில் பதில் சிபில்லாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கூட்டத்தார் கேட்டால் ஆகா என்று உருகியிருப்பார்கள். கடவுளுக்கு வெளியே ஒன்றும் இல்லை என்பதைவிட இனிமையான சேதி அவர்களுக்கு ஏது? ஆனால் இது கடவுளைப் பற்றிய கேள்வி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இது நாகோல்டைப் பற்றிய கேள்வி. வாழ்க்கையில் முதல் முறையாக அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். அப்பா வாயைத் திறந்தபடி காத்திருந்தார். காத்திருந்தபடியே போய்விட்டார்.

தாடையைத் துணியால் கட்டியும் அந்த வாய் மூடவில்லை.

சிபில்லா ஜன்னலை மறுபடி திறந்து, கொக்கியைக் கழற்றித் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். மதியத்துக்குள் லீன்ஹார்ட் பனிச்சறுக்கு வண்டியில் சவப்பெட்டியோடு வருவான். அப்பாவைக் கோயிலுக்கு இறக்கி, அடக்கம் முடிந்ததும் அதே வண்டியில் அவள் போய்விடுவாள். துணிமூட்டை வாசலருகே தயாராக இருந்தது. கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்கொள்ளலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

கூடத்துக்கு வந்து ஓடு பதித்த கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதற்குள் விறகு வெடிப்பதையும், கூரையில் பனி கனத்து உத்தரம் முனகுவதையும், தன் வயிற்றில் பசி புரளுவதையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் அடியில், அப்பாவின் அறைப் பக்கமிருந்து, கம்பளி நூலில் தடவும் எண்ணெயின் பழைய வாடை கதவிடுக்கு வழியாக மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தாள்.

ஜன்னல் சாத்தியிருந்தது. கண்ணாடி முழுக்க உறைபனி பூத்திருந்தது.

நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பனி உள்பக்கம் இருந்தது. கண்ணாடியில் உள்பக்கம் பனி பூப்பது எப்போது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கணப்பு இல்லாத அறையில் ஆட்கள் படுத்துத் தூங்கி, இரவெல்லாம் மூச்சு விட்டால் பூக்கும். இங்கே மூச்சு விட யார் இருக்கிறார்கள்? அவள் கட்டில் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

உள்ளே இரண்டு தட்டு.

பதில் நாக்கில் புரண்டது. தும்மலை அடக்குவது போல அதை அடக்கினாள். சால்வை நுனியை எடுத்து வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். சொல்ல மாட்டேன். சொன்னால் அது உண்மையாகிவிடும். முப்பது வருஷமாக அவள் சொன்ன பதிலெல்லாம் இந்த வீட்டில் சட்டமாகத்தான் இருந்திருக்கிறது.

கூடத்து ஜன்னலுக்குப் போனாள். கீழே கோயில் கோபுரம் தெரியவில்லை. பனிமூட்டம் என்று நினைத்தாள். சற்று நேரம் கழித்துப் பார்த்தபோது உர்சுலாவின் வீடும் தெரியவில்லை. பிறகு வைக்கோல் கொட்டகை. பிறகு வேலி. வெள்ளையாக ஏதோ ஒன்று, அவசரமே இல்லாமல், வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல் கதவை இழுத்தாள். அசையவில்லை. உள்பக்கம் திறக்கிற கதவு. பனி குவிந்தாலும் அதைத் தடுக்க முடியாது. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். கை நுழையும் அளவு திறந்தது. கையை வெளியே நீட்டினாள்.

குளிரவில்லை.

காற்று இல்லை. கம்பளி எண்ணெய் வாடை. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பின்னால் இரண்டு தட்டு. அவசரமில்லாத தட்டு.

அப்போதுதான் வண்டி மணி கேட்டது. குதிரையின் சலங்கை, தொலைவில், பிறகு அருகில். சிபில்லாவுக்கு அழுகை வந்துவிட்டது. உலகம் இன்னும் வெளியே இருக்கிறது. லீன்ஹார்ட் இருக்கிறான். சால்வையை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"சிபில்லா, கதவ ஏன் பூட்டி வச்சிருக்க?"

"பூட்டல. இறுகிக்கிச்சு. நீங்க தள்ளுங்க. சீக்கிரம் தள்ளுங்க."

"இரு, தோளக் குடுக்குறேன். மாவு மூட்டை தூக்குற தோளு, இந்தக் கதவு எம்மாத்திரம்." மரம் முனகியது. "பயந்துட்டியா? குரலு நடுங்குது."

"என்னை இங்கேர்ந்து கூட்டிட்டுப் போங்க. அது போதும்."

"அதுக்குத்தானே வந்தேன்." மறுபடி ஒரு தள்ளு. கதவு மயிரிழை அசைந்தது. "வர்ற வழியில உர்சுலாவப் பாத்தேன். மாமா பாதிப் பாட்டோட போயிட்டாராமே? உனக்குப் பதில் வரலையாமே?"

சிபில்லா கதவிலிருந்து நெற்றியை எடுத்தாள்.

"அதப் பத்தி இப்ப வேணாம்."

"கூட்டத்துல என்னைய எப்படிக் கிண்டல் பண்ணுவாங்க, தெரியும்ல. ரொட்டிக்காரனுக்கு மாவு பெசையத் தெரியும், பாட்டு பெசையத் தெரியாதுன்னு. இன்னைக்குப் பாரு, மலையேறி வர்ற வழியெல்லாம் அதையே யோசிச்சேன். வண்டி திரும்புற எடத்துல பளிச்சுன்னு வந்துடுச்சு. யாரோ காதுல சொன்ன மாதிரி."

"சொல்லாதீங்க."

"வெட்கப்படாத. உனக்காகத்தான் கட்டுனேன். நான் உனக்குத் தர்ற மொத சீரு."

"லீன்ஹார்ட், உங்க கால்ல விழுறேன். வாயத் திறக்காதீங்க."

அவன் சிரித்தான். அன்பான சிரிப்பு. ஒரு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பதறுகிறாளே என்கிற சிரிப்பு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று சொல்கிறவர்களைப் போல நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

"வெளியே என்று ஒன்றில்லை, போனவனும் வந்தவனும் உள்ளேதான்."

அவள் நாக்கு நுனியில் இருந்த அதே வரி. சொல்லுக்குச் சொல் அதே வரி.

சலங்கைச் சத்தம் நின்றது. குதிரை நின்றதால் நின்ற சத்தம் இல்லை. பாதியில் அறுந்த சத்தம்.

"லீன்ஹார்ட்?"

கதவு சுலபமாகத் திறந்தது.

வாசல் இல்லை. பனி இல்லை. வண்டி இல்லை. அப்பாவின் அறை.

கட்டிலில் அப்பா. தாடைக்கட்டு அப்படியே இருந்தது. வாய் மட்டும் இப்போது மூடியிருந்தது. சாப்பிட்டு முடித்தவரின் வாய்.

ஜன்னல் முன்னால் லீன்ஹார்ட். அவளுக்கு முதுகைக் காட்டி நின்றான். தோளில் பனி. உருகாத பனி. உறைந்த கண்ணாடியில் கையை வைத்து மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

"கதவத் திற, சிபில்லா. நான் வெளியதான் நிக்கிறேன்."

அவள் பின்னால் திரும்பினாள். கூடம் இருந்த இடத்தில் கட்டில். மூடிய வாய். ஜன்னல். அதன் முன்னால் அவன் முதுகு.

"வெளியதான் நிக்கிறேன், திற."

அவன் கைக்கு எதிரே, கண்ணாடியின் அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ நகத்தால் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். சுரண்டிய இடத்தில் ஒரு கண் தெரிந்தது. அது அவளுடைய கண்.