மறைத்த தட்டு

தொப்பூர் கணவாயில் பஸ்ஸை விட்டு இறங்கி, லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டி ஸ்டெஃபி அந்த ஓட்டலுக்குள் நுழைந்தபோது மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது அவள் தொழில். இந்த ஓட்டலுக்கும் அவள்தான் செய்திருந்தாள்.

கல்லாவில் முதலாளி சின்னராஜ் பல் குத்திக்கொண்டிருந்தார். குச்சி நுனியில் வந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் வைத்துச் சப்பினார்.

“அந்த ஒரு கமெண்ட்ட மட்டும் என்னமாச்சும் பண்ணு கண்ணு. அதப் பாத்துட்டு ஒருத்தனும் வண்டிய நிறுத்த மாட்டேங்கறான்.”

லேப்டாப்பைத் திறந்தாள். ரங்கம்மாள் என்ற பெண் போட்டிருந்த படம். தட்டில் கறிக்குழம்பு, கறித்துண்டின் இடுக்கில் வெள்ளையாக நாலைந்து புழுக்கள். கீழே எழுதியிருந்தது: ‘என் வூட்டுக்காரர் தங்கராஜ் கடைசியா எடுத்த போட்டோ. இதத் தின்னுட்டு விடிய விடிய வாந்தியெடுத்தே செத்தார்.’

“நெசங்களா?”

“லாரிக்காரன் எங்கெங்கயோ திம்பான். அழிச்சா அந்தப் பொம்பளைக்குத் தகவல் போயிரும், திரும்பப் போடுவா. சத்தமில்லாம மறைச்சுடு.”

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் வெப்சைட்டை இயக்கும் ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தாள். அப்படி மறைத்தால் எதுவும் அழியாது. அதே இடத்தில்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

படம் மறைந்தது.

முதலில் வந்தது நாற்றம். மூடி வைத்த பாத்திரத்தில் கறி அழுகினால் வருமே, அந்த இனிப்பும் புளிப்புமான வாடை. அடுத்து, கை கழுவும் இடத்தில் யாரோ குடலே வெளியே வருவதுபோல ஓங்கரிக்கும் சத்தம்.

திரும்பிப் பார்த்தாள்.

அங்கே யாரும் இல்லை.

“சாப்புட்டுப் போ கண்ணு” என்று சின்னராஜ் தானே ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். குழம்பு அசைந்தது. கறித்துண்டுகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக நெளிந்தன.

“அண்ணா... புழுங்கண்ணா.”

“எங்க?” அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். “பஞ்சாட்டம் இருக்குது பாரு.”

சத்தம் இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. பிடரியில் ஈரமான மூச்சு பட்டது.

ஸ்கிரிப்டில் சேர்த்த அந்த வரியை அழித்தாள். படம் திரும்ப வந்தது. ஓங்கரிப்பு நின்றது. தட்டில் வெறும் குழம்பு.

ஆனால் சின்னராஜின் கடைவாயோரம் ஒன்று மட்டும் இன்னும் நெளிந்துகொண்டிருந்தது. அவர் அதை நாக்கால் வழித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஸ்டெஃபி லேப்டாப்பை அள்ளிக்கொண்டு ஓடினாள். ரோட்டோரத்தில் குனிந்து, வயிற்றில் ஒன்றுமில்லாமல் போகும்வரை வாந்தியெடுத்தாள். அவரைவிட, சரி என்று மறைத்த தன் கையே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

தருமபுரி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் மூச்சு சீரானது. போன் அடித்தது. அவள் வெப்சைட் செய்து கொடுத்த காரிமங்கலம் பேக்கரியின் ஜோஸ்பின்.

“ஏன் ஸ்டெஃபி, எங்க பேஜ்ல இந்தக் கருமத்த யாரு போட்டது? கேக்குப் படத்த எல்லாம் காணோம். எல்லா எடத்துலயும் ஒரே புழுத் தட்டு. சீக்கிரம் மறைச்சு வுடு!”

பேக்கரியின் பக்கத்தைப் போனில் திறந்தாள். படத்தில் புழுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

மறைக்க விரல் போனது.

காலியாகக் கிடந்த கடைசி சீட்டில், யாரோ ஓங்கரித்தார்கள்.