குகைக்குள் வந்த கை

முதல் குகைக்குள் வண்டி நுழைந்து பெட்டி இருண்டபோது, லூசியம்மாளின் இடது மணிக்கட்டில் யாரோ இரண்டு முறை தட்டினார்கள். வெளிச்சம் திரும்பியதும் அவள் எரிச்சலோடு கணவனைப் பார்த்தாள். வலப்பக்கம் உட்கார்ந்திருந்த தனசீலன் பிள்ளைக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய இரண்டு கையும் சாற்றில் நனைந்திருந்தன. அவளுக்கு இடப்பக்கம் ஜன்னல் மட்டும்தான் இருந்தது.

மணிக்கட்டை முகர்ந்து பார்த்தாள். ஆரஞ்சு வாசனை இல்லை. வெயில் படாத கல்லில் படிந்த பாசியின் வாசனையும், கொஞ்சம் ஈரமும் இருந்தன.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, தாராவியில் டைபாய்டு வந்து இருபது நாள் கிடந்து எழுந்தபோது அவளுக்குக் காது போயிருந்தது. பேச்சு அப்படியே இருந்தது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். இருட்டில் மட்டும் முடியாது. அதற்காகத் தனசீலன் ஒரு வழி கண்டுபிடித்தான். மணிக்கட்டில் இரண்டு தட்டினால் இங்கேயே இரு. மூன்று தட்டினால் எழுந்து வா. இருட்டுக்கு என்று தொடங்கியது பகலுக்கும் வந்துவிட்டது. கோயிலிலும் ரேஷன் வரிசையிலும் அவளைத் தட்டித்தான் நடத்தினான். யாராவது அவளிடம் பேச வந்தால் அவனே பதில் சொல்லி அனுப்பினான்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறார்கள். தாதரில் ஏறியதிலிருந்தே அவளுக்கு ஆத்திரம்தான். எதிர் இருக்கையில் செம்பூர் மளிகைக்கடைக்காரர் மனைவி ஆவுடையம்மாள். லூசியம்மாள் காரம் சாப்பிடுவாளா என்பதைக்கூடத் தனசீலனிடம்தான் கேட்டாள். அப்புறம் மூன்று வயது ரோசம்மாவைக் காட்டி, "ராத்திரி பிள்ள அழுதா இவ எப்படி முழிப்பா?" என்றாள். லூசியம்மாளுக்கு அந்த உதடுகள் அச்சடித்த மாதிரி தெரிந்தன. தனசீலன் சும்மா சிரித்தான்.

இதே கேள்வி ஒரு கடிதத்திலும் இருந்தது. பள்ளிக்கூடம் சேர்க்கும்வரை பிள்ளையை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகும்படி அவன் அக்கா ஏஞ்சலம்மாள் எழுதியிருந்தாள். அதை அவனுடைய துணிப்பெட்டிக்குள் லூசியம்மாள் பார்த்துவிட்டாள். அதைப் பற்றி அவன் இன்றுவரை அவளிடம் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையின் பாதம் தன் வயிற்றில் படும்படிதான் அவள் தினமும் படுப்பாள். கால் அசைந்தாலே விழித்துக்கொள்வாள். அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. இந்தப் பிரயாணத்திலாவது பிள்ளையைத் தானே பார்த்துக்கொண்டு அவனுக்குக் காட்டிவிட வேண்டும் என்று இருந்தாள்.

மலையடிவாரத்துக் கர்ஜத் ஸ்டேஷனில் அதுவும் கெட்டது. வண்டி நின்றதும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வடை வாங்க இறங்கிவிட்டான். திடீரென்று பெட்டி குலுங்கியது. வண்டி புறப்பட்டுவிட்டதென்று நினைத்து, வழியில் கிடந்த டிரங்குப் பெட்டிகளில் கால் இடித்துக்கொண்டு அவள் கதவுக்கு ஓடினாள். மலை ஏற்றத்துக்காகப் பின்னால் இன்னொரு எஞ்சின் கோத்திருந்தார்கள், அவ்வளவுதான். அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் திரும்பி வந்ததும் வெடித்துவிட்டாள்.

"தட்டித் தட்டி ஓட்டுததுக்கு நான் என்ன மாடா? இனிமே என்னத் தொடாதிய."

பிள்ளையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த முதல் குகை.

இரண்டாவது குகை வந்தது. பெட்டியில் ஒரு பல்பும் எரியவில்லை. கண்ணும் போய்விட்டால் மிஞ்சுவது இருக்கைப் பலகையின் அதிர்வும், புகையும் எண்ணெயும் கலந்த காற்றும், மடியில் பிள்ளையின் கனமும்தான். அதே இடத்தில் இரண்டு தட்டு. அவள் சட்டென்று அந்தக் கையைப் பிடித்தாள். வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கிய விரல்கள். அவை மெதுவாக, அவசரமே இல்லாமல், பிடியிலிருந்து நழுவின.

வெளிச்சம் வந்தது. ஜன்னல் கண்ணாடி இறக்கி மூடியிருந்தது. வெளியே ஈரப்பாறை ஓடிக்கொண்டிருந்தது.

தட்டியது அவனா என்று கேட்டாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னான்.

"நீதானட்டி தொடாதன்னு சொன்ன. நான் எதுக்குத் தொடப் போறேன்?"

பொய் சொல்கிறான், சீண்டுகிறான் என்று வைத்துக்கொண்டாள். பயப்படுவதைவிடக் கோபப்படுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

ரோசம்மா பிழிந்த சுளை, கிறிஸ்துமஸுக்கு எடுத்து அவள் கட்டியிருந்த நீலப்பூப் போட்ட வாயில் துணிச் சேலையில் ஒழுகிக் கறையாகிவிட்டது. தனசீலன் அவளைக் கேட்காமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கதவோரம் இருந்த குழாயில் கை கழுவப் போனான். நான் போகிறேன் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள்.

இருட்டிவிட்டது.

இந்தக் குகை நீளமானது. முடியவே இல்லை. காற்று குளிர்ந்தது. பாசி வாசனை.

வலது மணிக்கட்டில் மூன்று தட்டு.

எழுந்து வா.

இந்த முறை வலப்பக்கம். ஆரஞ்சு வாசனை வந்தது. அப்படியானால் அவன்தான். மறுபடியும் மூன்று தட்டு, அவசரமாக. பிள்ளை. கதவு திறந்துதானே கிடந்தது. பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது.

எழுந்தாள். கை அவளை இழுத்துக்கொண்டு போனது. நாலடி நடந்த பிறகுதான் தோன்றியது. காலில் ஒன்றும் இடிக்கவில்லை. டிரங்குப் பெட்டி இல்லை. யார் காலும் இல்லை. மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் சுருங்கியிருந்தன. உதறினாள். விடவில்லை. முகத்தில் காற்று அறைந்தது.

வெளிச்சம்.

திறந்த கதவருகே அவள் தனியாக நின்றாள். அங்கிருந்து அவர்கள் இருக்கை நேராகத் தெரிந்தது. தனசீலன் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தான். ஜன்னலோரம், லூசியம்மாளின் இடத்தில், நீலப்பூச் சேலைக்காரி ஒருத்தி குனிந்திருந்தாள். கொசுவத்தில் ஆரஞ்சுக் கறை. மடியில் ரோசம்மா.

தனசீலன் அந்தப் பெண்ணைத் தட்டவில்லை. எங்கோ பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னான். அவள் நிமிராமலே பதில் சொன்னாள். ஆவுடையம்மாளும் அவளிடமே பேசினாள். அவள் அதற்கும் தலையாட்டினாள், பிள்ளையின் பாதத்தைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டே.

லூசியம்மாள் கத்தினாள். தொண்டை கிழிவது அவளுக்கே தெரிந்தது. பிள்ளையின் பேரைச் சொல்லிக் கத்தினாள்.

ஒருவரும் திரும்பவில்லை.

அந்தப் பெண் மட்டும் தலையைத் தூக்கினாள். லூசியம்மாளின் முகம்.

அடுத்த குகை வந்தது. இருட்டில் இடது மணிக்கட்டை ஈரமான விரல்கள் பதமாகப் பிடித்தன.

இரண்டு தட்டு.