ஏழாம் வளைவுக்கு எத்தனை கைகள்?

பம்பரத்துக்கு வயது பத்து. அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் அப்பா வைத்த பட்டப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பள்ளி வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயருக்கு வேலையே இல்லை.

அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறார். அவ்வளவு மெதுவாக ஓட்டுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். "நத்தைகூட ஹாரன் அடிச்சு முந்திட்டுப் போகுது" என்று அம்மா கேலி செய்வார். அம்மா கேலி செய்யலாம். ஏனென்றால் அவர் வேலை பார்ப்பது கார் பந்தயத் திடலில்.

அம்மா கார் ஓட்டுவதில்லை. கொடி காட்டுகிறார். பந்தயத் தடத்தில் மொத்தம் ஒன்பது வளைவுகள். அம்மாவுக்கு ஏழாம் வளைவு. இருப்பதிலேயே கடைக்கோடி அதுதான். பார்வையாளர் மேடையில் இருந்து பார்த்தால் அங்கே ஆள் நிற்பதே தெரியாது. முன்னால் ஆபத்து என்றால் மஞ்சள் கொடி. தடத்தில் எண்ணெய் சிந்தியிருந்தால் மஞ்சளும் சிவப்பும் கோடு போட்ட கொடி. கண் இமைக்கும் நேரத்தில் சரியான கொடியை எடுக்க வேண்டும். பதினோரு வருடத்தில் அம்மா ஒரு தடவைகூட மாற்றி எடுத்ததில்லை. சமையலறையில் சர்க்கரை என்று உப்பை எடுப்பது வேறு கதை.

திடலுக்கு இந்த வருடம் ஐம்பது வயது. அதைக் கொண்டாட ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்கள். படங்கள் வரையும் பொறுப்பு பம்பரத்தின் வகுப்புக்கு வந்தது. கார், கோப்பை, தலைக்கவசம் எல்லாவற்றையும் பிள்ளைகள் போட்டி போட்டு எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் குடிக்கப் போன பம்பரம் திரும்பி வந்தபோது மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. தடங்களின் வரைபடம்.

"வெறும் கோடுதானே மிஸ்?" என்று முகத்தைத் தொங்கப் போட்டாள்.

"அந்தக் கோட்டு மேலதான் எல்லா காரும் ஓடுது. போய் வரை" என்றார் ஆசிரியை.

அன்று மாலை வீட்டில் அம்மா கொடிகளைத் துவைத்துக் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். போகிற போக்கில் சொன்னார்.

"ஏழாம் வளைவை மூடப் போறாங்களாம். அந்தப் பக்கம் தார் எல்லாம் பெயர்ந்துபோச்சு. ஐம்பதாம் வருஷப் பந்தயம்தான் கடைசி."

"அப்போ உன் வேலை?"

"என்னை ரெண்டாம் வளைவுக்கு மாத்திட்டாங்க. பக்கத்துலயே கழிப்பறை இருக்கு. இனிமே அரை மைல் நடக்க வேண்டாம்!" என்று சிரித்தார் அம்மா. ஆனால் ஏற்கெனவே நன்றாகக் காய்ந்திருந்த ஒரு கொடியை எடுத்து மறுபடியும் பிழிந்தார். அதைப் பம்பரம் கவனித்தாள்.

சனிக்கிழமை அம்மாவோடு திடலின் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் கோப்பு மாமா. பழைய காகிதம் ஒன்றைக்கூடக் குப்பையில் போடாமல் கோப்பில் வைப்பவர் என்பதால் அந்தப் பெயர்.

"கையைக் காட்டு. எண்ணெய், பிசுக்கு எதுவும் இல்லையே? எதுக்கும் இன்னொரு தடவை கழுவிட்டு வா" என்றார்.

கழுவிவிட்டு வந்தாள். மாமா மூன்று வரைபடங்களை விரித்தார்.

முதல் வரைபடத்தில் தடமே இல்லை! அது ஒரு பழைய விமான ஓடுபாதை. விமானங்கள் வருவது நின்ற பிறகு, காலி எண்ணெய்ப் பீப்பாய்களை வரிசையாக நிறுத்தி, அவற்றைச் சுற்றி கார் ஓட்டியிருக்கிறார்கள். இரண்டாவது வரைபடத்தில் ஒன்பது வளைவுகளோடு நீளமான தார்த் தடம் இருந்தது. மூன்றாவதில் ஆறாம் வளைவையும் எட்டாம் வளைவையும் சேர்த்து ஒரு குறுக்குப் பாதை போட்டிருந்தார்கள்.

"இது எதுக்கு மாமா?"

"பைக் பந்தயத்துக்குச் சின்னத் தடம் போதும்னு பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி போட்டாங்க. கார்கள் பந்தயத்துல நீளத் தடத்துலதான் ஓடும்."

கோப்பில் ஒரு புகைப்படமும் இருந்தது. கூரையில்லாத காரில் இருந்து ஒருவர் எட்டி, பீப்பாய் அருகே நின்ற ஒரு பெண்ணோடு கைகுலுக்குகிறார். பெண்ணின் தோளில் ஒரு போர்வை. அந்தக் காலத்தில் கொடி ஏது? போர்வையைத்தான் ஆட்டியிருக்கிறார்கள். படத்தின் பின்னால் எழுதியிருந்தது: 'முதல் பந்தயம். வென்றவர் ஒவ்வொரு பீப்பாயாகப் போய் நன்றி சொன்னார். கடைசிப் பீப்பாய் வரை.'

"நன்றிச் சுற்று இப்படித்தான் ஆரம்பிச்சுதா!" என்று துள்ளினாள் பம்பரம்.

நன்றிச் சுற்று என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பந்தயம் முடிந்ததும் எல்லா கார்களும் ஒரு சுற்று மெதுவாக வரும். ஒவ்வொரு வளைவிலும் கொடிக்காரர்கள் கொடிகளை ஆட்டுவார்கள். ஓட்டுநர்கள் பதிலுக்குக் கையை ஆட்டுவார்கள். இத்தனை நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று அர்த்தம். பந்தயத்தில் பம்பரத்துக்கு மிகவும் பிடித்ததே அதுதான்.

உடனே அவளுக்கு ஒரு யோசனை. வரைபடத்தில் வளைவுகளை மட்டும் வரைந்தால் போதுமா? எந்த வளைவில் எத்தனை கைகள் ஆடின என்று புள்ளி வைத்தால் எவ்வளவு அழகாக இருக்கும்!

மறுநாளே ஒரு சின்னப் பந்தயம் நடந்தது. ஓடியவை பதினான்கு கார்கள். முடிந்ததும் பம்பரம் தேநீர்க் கொட்டகை வாசலில் நோட்டோடு நின்றுகொண்டாள்.

"பதினாலு" என்றார் முதல் வளைவுக்காரர்.

"பதிமூணு. ஒருத்தர் மூக்கைச் சொறிஞ்சாரு. அதை எப்படிச் சேர்க்கிறது?" என்றார் நான்காம் வளைவுக்காரர்.

ஆறாம் வளைவு, எட்டாம் வளைவு, ஒன்பதாம் வளைவு எல்லாமே பதினான்கு.

கடைசியாக அம்மா வந்தார். கூடவே ஏழாம் வளைவில் தீயணைப்புக் கருவியோடு நிற்கும் அண்ணன்.

"உனக்கு எத்தனை கை அம்மா?"

"எண்ணலை."

"சும்மா சொல்லும்மா!"

"எண்றதுக்கு என்ன இருக்கு பாப்பா? நன்றிச் சுற்றுல அங்க யாரும் வர்றதே இல்ல. குறுக்குப் பாதை போட்டதுல இருந்து, ஆறுல திரும்பி எட்டுக்குப் போயிடுவாங்க. சீக்கிரம் போய்ச் சேரணும்ல" என்றார் அண்ணன்.

பம்பரம் மனசுக்குள் கணக்குப் போட்டாள். குறுக்குப் பாதை போட்டுப் பன்னிரண்டு வருடம். அம்மா வேலைக்கு வந்து பதினோரு வருடம். அப்படியென்றால் அம்மாவைப் பார்த்து ஒரு கைகூட ஆடியதில்லை!

"நான் போய் எல்லார்கிட்டயும் சொல்றேன்!" என்று கிளம்பினாள்.

அம்மா அவள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். "நில்லு. நன்றியைக் கேட்டு வாங்குறதுக்கு அது என்ன, இரவல் கொடுத்த பென்சிலா? யார்கிட்டயும் போய்க் கேட்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

வேறு வழியில்லாமல் சத்தியம் செய்தாள்.

ஆனால் வரைபடம் வரைய வேண்டுமே! ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தாள். பம்பரம் ஒரு வாரம் உட்கார்ந்தாள் என்பதே அந்த வீட்டில் பெரிய செய்தி. ஓடுபாதைக்குப் பழுப்பு, நீளத் தடத்துக்குக் கறுப்பு, குறுக்குப் பாதைக்குப் பச்சை. ஆடிய கைகளுக்கு ஆரஞ்சுப் புள்ளிகள். ஏழாம் வளைவில் எதுவும் வைக்கவில்லை. ஆனால் அந்தக் கடைசிப் பீப்பாய் நின்றதும் அதே இடத்தில்தான். அதனால் கோப்பு மாமா கொடுத்த புகைப்படத்தின் நகலை அங்கே ஒட்டி, பின்னால் இருந்த வரிகளை அப்படியே அதன் கீழே எழுதினாள்.

கண்காட்சி நாள். ஐம்பதாம் வருடப் பந்தயம் அன்று மதியம்தான். காலையில் ஓட்டுநர்கள் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். சிவப்பு கார் அக்கா வரைபடத்தின் முன்னால் நின்றார். போன வருடக் கோப்பையை வென்றவர் அவர்தான்.

"ரொம்ப அழகா இருக்கே! இந்தப் புள்ளி எல்லாம் என்ன?"

"நன்றிச் சுற்றுல ஆடின கைங்க அக்கா."

"அட! ஏழாம் வளைவுல மட்டும் காணோமே. வைக்க மறந்துட்டியா?"

"மறக்கல அக்கா. அங்க அவ்வளவுதான்."

அக்கா பச்சைக் கோட்டின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். ஆறு. எட்டு. விரல் நின்றது.

"போன வருஷம் ஏழாம் வளைவுல எண்ணெய் கொட்டிக் கிடந்துச்சு. கோடு போட்ட கொடியைப் பார்த்து வேகத்தைக் குறைச்சேன். இல்லன்னா நான் இன்னைக்கு நடந்து வந்திருக்க மாட்டேன்" என்றார் அக்கா. "அவ்வளவு வேகத்துல கொடிதான் கண்ணுல படும். பிடிச்சிருக்கிற கை யாரோடதுன்னுகூடத் தெரியாது."

அந்தக் கை என் அம்மாவோடது என்று சொல்லப் பம்பரத்தின் நாக்கு துடித்தது. செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அக்கா புகைப்படத்தின் கீழே இருந்த வரியைப் படித்தார். 'கடைசிப் பீப்பாய் வரை.' பிறகு மற்ற ஓட்டுநர்கள் நின்ற பக்கம் நடந்தார்.

மதியம் பம்பரமும் அப்பாவும் வேனில் ஏழாம் வளைவின் வேலிக்குப் பின்னால் இருந்த மண்மேட்டுக்குப் போனார்கள். அப்பா ஓட்டிய வேகத்தில் பாதிப் பந்தயம் முடிந்திருந்தது. கார்கள் சீறிக்கொண்டு போயின. அம்மாவின் கண் தடத்தை விட்டு நகரவே இல்லை.

கடைசிச் சுற்று முடிந்தது. நீல கார் முதலிடம், சிவப்பு கார் மூன்றாமிடம் என்று ஒலிபெருக்கி சொன்னது. தூரத்தில் கைதட்டல் கேட்டது.

அம்மா வழக்கம்போலக் கொடிகளைச் சுருட்டிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். அப்புறம் அந்த வளைவை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார். பம்பரம் வேலிக் கம்பியைப் பிடித்திருந்தாள். கார்களின் சத்தம் ஆறாம் வளைவுக்கு வந்தது. இப்போது திரும்பி, தேய்ந்து போய்விடும்.

தேயவில்லை. கூடியது.

நீல கார் மெதுவாக வளைவுக்குள் வந்தது. ஓட்டுநரின் கை வெளியே நீண்டு ஆடியது. அதன் பின்னால் வெள்ளை கார். அப்புறம் சிவப்பு கார்.

"அக்கா! கொடி! கொடி!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார் தீயணைப்பு அண்ணன்.

அம்மா ஜிப்பை இழுத்தார். சிக்கிக்கொண்டது! பதினோரு வருடமாகக் கண் இமைக்கும் நேரத்தில் கொடி எடுத்தவருக்கு, கொடியே கிடைக்கவில்லை. சாப்பாட்டு டப்பா கட்டியிருந்த துண்டை உருவி, தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். அண்ணன் மண் கூட்டும் துடைப்பத்தை ஆட்டினார். போர்வையை ஆட்டியவர்களுக்கு இவர்கள் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை.

சிவப்பு கார் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. அக்கா தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

அம்மா அழுதார். சிரித்துக்கொண்டே அழுதார். துண்டு மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

மாலையில் வேன் ஊர்ந்துகொண்டிருந்தது. அம்மா பம்பரத்தின் பக்கம் திரும்பினார்.

"நீ போய்க் கேட்டியா?"

"இல்லம்மா, சத்தியமா! அவங்கதான் கேட்டாங்க. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

அம்மா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். அவள் காதருகே குனிந்து சொன்னார்.

"பதினாலு பேரு."

"அன்னைக்கு எண்ணலைன்னு சொன்னே!"

"இன்னைக்கு எண்ணினேன்."

பம்பரம் ஆரஞ்சுப் பேனாவை எடுத்தாள். "தப்பா எண்ணிட்டே அம்மா. பதினஞ்சு."

"பதினாலு கார்தானேடி ஓடிச்சு?"

"வேலிக்குப் பின்னாடி நின்னு ஆட்டினேனே, அந்தக் கையை யாரு எண்ணுவா?"