ஐம்பத்திரண்டாவது மாடி ஜன்னலில் ஓர் ஆட்டம்

வாயாடிக்குப் புது வீடு பிடிக்கவே இல்லை.

நகரத்திலேயே உயரமான கட்டடம் அது. அதில் ஐம்பத்திரண்டாவது மாடி முழுக்க அவர்கள் வீடுதான். தரையெல்லாம் பளிங்கு. லிஃப்ட் நேராக வீட்டுக்குள்ளேயே வந்து திறக்கும். எல்லாம் சரி, பேச ஆள் வேண்டாமா? லிஃப்ட் அட்டையை வைத்துக்கொண்டு அவரவர் மாடிக்கு மட்டும்தான் போக முடியும். மேலே யார், கீழே யார், ஒன்றும் தெரியாது. ஜன்னலைத் திறந்து கூப்பிடலாம் என்றால், அந்த ஜன்னல்கள் திறக்கவே திறக்காது!

பழைய வீடு இப்படியா இருந்தது? சந்துக்குள் இரண்டாவது மாடி. எதிர் ஜன்னலில் அவள் தோழி நெட்டச்சி. கை நீட்டினால் பென்சில் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவு கிட்டத்தில்! மழை வந்து ஜன்னலைச் சாத்தினாலும் விடமாட்டார்கள். அவரவர் ஜன்னல் கண்ணாடியில் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒருத்தி வட்டம், ஒருத்தி பெருக்கல் குறி என்று ஆடித் தீர்ப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, ஜன்னலுக்கு வெளியே ஏதோ 'தட்' என்று இடித்தது.

கண்ணாடி துடைப்பவர்களின் தொங்கு மேடை! அதில் ஒரு மீசைக்காரர், ஒரு அக்கா. காற்று பலமாக அடித்ததால் மேடை பாதியில் நின்றுவிட்டது. மீசைக்காரர் கொட்டாவி விட்டபடி ஒரு மூலையில் சாய்ந்துகொண்டார். அந்த அக்காவோ கம்பியை இறுகப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். புதுச் சீருடையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளோ என்னவோ, பாவம்!

"அம்மா! அந்த அக்கா நடுங்கறாங்கம்மா!"

அம்மா உடனே கீழே வரவேற்பறைக்குப் போன் செய்து கேட்டார்.

"ஆபத்து ஒண்ணும் இல்லையாம். காத்து அடங்கினாத்தான் இறக்க முடியுமாம். அரை மணி நேரமாவது ஆகும்னு சொல்றாங்க."

"அரை மணி நேரமா! அதுவரைக்கும் அவங்க இப்படியேவா நிப்பாங்க?"

வாயாடி ஜன்னலுக்கு ஓடினாள். "அக்கா! கீழே பாக்காதீங்க! என்னைப் பாருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ம்ஹூம். இரட்டைக் கண்ணாடி ஆயிற்றே! வாயாடிக்கு வாயே உதவாமல் போன நாள் அது.

அவள் மளமளவென்று அம்மாவின் அறைக்குப் போய் லிப்ஸ்டிக்கை எடுத்து வந்தாள்.

"ஐயோ, அது புதுசுடி!"

"ஒரே ஒரு தடவைம்மா!"

கண்ணாடியில் பெரிதாகக் கட்டம் போட்டாள். நடுவில் ஒரு பெருக்கல் குறி. பிறகு உள்ளங்கையால் கண்ணாடியை டமடமவென்று தட்டினாள். அக்கா ஒரு கண்ணைத் திறந்தார். கட்டத்தைப் பார்த்தார். 'உங்க முறை' என்று வாயாடி விரல் காட்டினாள்.

கம்பியிலிருந்து ஒரு கை மெல்ல மெல்லப் பிரிந்தது. சோப்பு நுரையில் விரலைத் தோய்த்து, மூலையில் ஒரு வட்டம் போட்டது.

அவ்வளவுதான், ஆட்டம் களைகட்டிவிட்டது! ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் வெளிப்பக்கத்தை அக்கா துடைத்தார், உள்பக்கத்தை வாயாடி துடைத்தாள். மீசைக்காரர் தூக்கம் கலைந்து எழுந்து, 'அங்கே போடு, இங்கே போடு' என்று கை காட்டினார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வாயாடிக்குப் பழைய சந்துக்கே போய்விட்ட மாதிரி இருந்தது.

ஏழாவது ஆட்டம் முடிந்தபோது காற்று அடங்கியது. மேடை ஒரு குலுங்கு குலுங்கி, கீழே இறங்கி மறைந்தது. வீடு மறுபடியும் 'உம்'மென்று ஆகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எடுத்த அம்மா ஆச்சரியமாகத் திரும்பினார். "கீழே உன்னைப் பாக்க யாரோ வந்திருக்காங்களாம்!"

இந்த வீட்டுக்கு வந்த மூன்று மாதத்தில் வாயாடியைத் தேடி வந்த முதல் ஆள்! அம்மாவையும் இழுத்துக்கொண்டு அவள் லிஃப்டுக்குள் பாய்ந்தாள்.

கீழே, ஈரச் சீருடையோடு அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, ரொம்ப பயந்துட்டீங்களா?"

"பின்னே? கீழே இறங்கினதும் இந்த வேலையே வேணாம்னு எழுதிக் கொடுத்துடணும்னுதான் நினைச்சேன்."

வாயாடியின் முகம் சுருங்கிவிட்டது. "கொடுத்துட்டீங்களா?"

"எப்படிக் கொடுக்கிறது? நீ நாலு ஆட்டம், நான் மூணு ஆட்டம். அடுத்த மாசம் வந்து உன்னைத் தோற்கடிக்காம விடுவேனா?"

"வாங்க, வாங்க! பாத்துடலாம்!" என்றாள் வாயாடி.