நடுக்கோடு

வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குப் பண்ணைக் காவல்காரன் நியாம்புவைக் கண்டுபிடித்தார்கள். சகாலா மலைக்கு அந்தப் பக்கம், பண்ணைக் காட்டு வேலியோரம், காட்டெருமை கிழித்த தொடையைத் தன் சட்டையாலேயே இறுகக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே செத்திருந்தான். வலது கையில் வாக்கி டாக்கி. பேசும் பொத்தான் மேல் விறைத்திருந்த கட்டைவிரலைப் பிரிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பாட்டரி சுத்தமாகக் காலி.

மறுநாள் அடக்கம் முடிந்ததும், சொந்த ரேடியோவில் தங்களுக்குள் பேசிக்கொள்கிறவர்களின் வோய் ஊர் ஹாம் ரேடியோ சங்கத் தலைவர், கிழவர் முவாங்கேகா, எல்லோருக்கும் கேட்கும்படி தீர்ப்பு சொன்னார்.

"சார்ஜ் பண்ணாத பாட்டரியோட காட்டுக்குள்ள போயிருக்கான். அவன் கூப்பிடவே இல்ல. அன்னிக்கு ரெக்கார்டிங்க நானே பாத்துட்டேன். அஜாக்கிரதைதான் அவனக் கொன்னுது. மத்தவங்களுக்கு இது பாடமா இருக்கட்டும்."

நியாம்புவின் அக்கா வகேஷோ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள், சங்கத்திலும் உறுப்பினர். வியாழக்கிழமை காலை சார்ஜரிலிருந்து அந்த வாக்கி டாக்கியைப் பிடுங்கித் தம்பி கையில் கொடுத்ததே அவள்தான். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிறைந்த பாட்டரி அரை நாளில் தீருமென்றால் ஒரே ஒரு வழிதான் உண்டு. அவன் கூப்பிட்டிருக்கிறான். விடாமல் கூப்பிட்டிருக்கிறான். எவனோ அதை வரவிடாமல் செய்திருக்கிறான். அந்த எவனோவின் முகத்தைப் பார்க்கும்வரை அழுவதில்லை என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

மலைக்கு அந்தப் பக்கம் பேசினால் ஊருக்குள் நேராகக் கேட்காது. உச்சியில் இருக்கும் ரிப்பீட்டர்தான் மெலிந்த குரலை வாங்கி உரக்கத் திருப்பிச் சொல்லும். பலமான அலை ஒன்று அதன் காதில் குந்திக்கொண்டால் மெலிந்த குரல் உள்ளே போகாது. அதுவும் பேச்சில்லாத வெற்று அலையாக இருந்துவிட்டால், காது அடைபட்டது வெளியில் ஒருவருக்கும் தெரியாது. அப்படி ஓர் அலை வந்திருந்தால் சங்க அறையிலிருக்கும் கணினி ரிசீவர் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

ரிசீவரைப் பார்த்துக்கொள்கிறவன் பள்ளி ஆசிரியர் கிசோம்பே. வகேஷோ அவனைத்தான் முதலில் பிடித்தாள். அன்றைய பதிவைத் திரையில் ஓடவிட்டான். ஒவ்வொரு அலையும் ஒரு கோடாக மேலிருந்து கீழே இறங்கியது.

"ரிப்பீட்டரோட காது எந்த இடம்?"

"நட்டநடுவுலக்கா."

"அங்க ஒரு கோடு இருக்கே?"

"அட, அது மிஷினோட சொந்தக் கோடுக்கா. எல்லா கணினி ரிசீவர்லயும் நடுவுல இருக்கும். அலை இல்லாட்டியும் இருக்கும். முதல் நாளே சொல்லிக் குடுப்பாங்க, அதக் கண்டுக்காதேன்னு."

"மத்தியானம் கொஞ்சம் தடிச்சிருக்கே?"

"வெயில் சூட்டுல அப்படி ஆயிருக்கும்னு விட்டுட்டேன்."

"ரிப்பீட்டர் காது மேலயே நடுவ வைக்கச் சொன்னது யாரு?"

கிசோம்பே தலையைச் சொறிந்தான். "தலைவர்தான். போன மாசம். நடுவுல வச்சா நல்லா கேக்கும்னாரு."

அடுத்து ஷாக்கோ. இரும்புக் கடைக்காரன், சங்க உறுப்பினன். பண்ணையில் மாடு மேய்ப்பது பற்றி நியாம்புவோடு போன மாதம்தான் கைகலந்திருந்தான். கடை வாசலில் மண்டாசி என்ற பொரித்த ரொட்டியும் தேநீருமாக நின்றான்.

"வியாழக்கிழமை மத்தியானம் எங்க இருந்த?"

"என்ன போலீஸ்காரி மாதிரி கேக்குற? கடையிலதான். சண்டை போட்டேன், வாஸ்தவம். அதுக்காக? அன்னிக்கு சந்தனக்கட்ட கடத்துற லாரி ஒண்ணு பண்ணை ரோட்டுல போச்சுன்னு பேசிக்கிறாங்க. உன் தம்பியும் மத்த காவல் பசங்களும் ரேடியோல கத்தியிருக்கணுமே? ஒருத்தன் குரலும் வரல. அத விசாரி மொதல்ல."

வகேஷோ விசாரித்தாள். பதிவுக் கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இந்த ரிசீவர் அலையைக் கணக்குப் போட்டுத்தான் படமாக வரைகிறது. துளித்துளி நேரத்துக்கு ஒரு படம் வரைந்தால் ஒட்டிக்கிடக்கும் இரண்டு அலைகள் ஒன்றாகத்தான் தெரியும். முழு நொடிச் சத்தத்தைச் சேர்த்து ஒரே படமாக வரையச் சொன்னால் பார்வை கூர்மையாகிவிடும். அவள் அப்படி வரையச் சொன்னாள். தடித்த கோடு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ஆணி அடித்த மாதிரி அசையாமல் நின்றது. மற்றது பக்கத்தில் தொடங்கி, மெல்ல இடப்பக்கம் வழுக்கி, ஒரு முறை துள்ளி, மறுபடி வழுக்கிப் பிறகு நிலைத்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அது அங்கேயே உட்கார்ந்திருந்தது.

தம்பி ரத்தம் கொட்டக் கொட்டக் கூப்பிட்ட நேரம் முழுவதும் அந்தக் கோடு உட்கார்ந்திருந்தது.

ஊரில் பலமான ரேடியோவை வீட்டில் வைத்திருந்தவர்கள் கிசோம்பே, ஷாக்கோ, முவாங்கேகா மூவர்தான்; சனிக்கிழமை அவர்களிடம் ஒன்று கேட்டாள். "நியாம்புக்கு ரேடியோவிலயே மௌன அஞ்சலி செய்யணும். நாளைக்குக் காலைல அவங்கவங்க வீட்டுல, நான் பேர் சொன்னதும் ரேடியோவ ஆன் பண்ணி பொத்தான அமுத்திப் பிடிங்க. ரெண்டு நிமிஷம். பேச வேண்டாம்."

"நல்ல யோசனைம்மா," என்றார் முவாங்கேகா. கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை வீடுகளிலிருந்து அஞ்சலி முடிந்ததும், பத்து மணிக்கு மூவரும் மற்றவர்களோடு சங்கத்துக்கு வந்தார்கள். சங்க அறை நிரம்பி வழிந்தது. ஜன்னலோரம், வகேஷோ கூப்பிட்டிருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் ஹலீமா சாதாரண உடையில் உட்கார்ந்திருந்தாள். வகேஷோ திரையைத் திருப்பி வைத்து, காலை அஞ்சலியின் பதிவை ஓடவிட்டாள்.

"காலைல ரிசீவரோட நடுவத் தள்ளி வச்சேன். மிஷினோட சொந்தக் கோடு நடுவோடயே நகந்து போயிடும். நெஜ அலை அதே எடத்துல நிக்கும். ரிசீவர் ராப்பகலா ஓடிச் சூடேறினது, அதனால அது வழுக்காது. வழுக்குறது அப்பத்தான் ஆன் பண்ணின ரேடியோதான். ஒவ்வொரு ரேடியோவும் சூடேறும்போது ஒவ்வொரு மாதிரி வழுக்கும். இது ஷாக்கோ. அசையவே இல்ல. இது கிசோம்பே. வலப்பக்கம் போகுது. இது மூணாவது."

கோடு இடப்பக்கம் வழுக்கியது. ஒரு முறை துள்ளியது. பக்கத்தில் வியாழக்கிழமைக் கோடு. இரண்டும் ஒரே அச்சு.

"ரேடியோ உள்ள இருக்குற விசிறி சுத்த ஆரம்பிச்சதும் துள்ளுது, தலைவரே. உங்க பழைய ரேடியோ மட்டும்தான் அப்படி. எல்லாரும் கண்டுக்காம விடுற எடத்துல ஒளிஞ்சீங்க. அதுக்காகத்தான் நடுவ அங்க வைக்கச் சொன்னீங்க."

முவாங்கேகா எழுந்தார். "பைத்தியமா உனக்கு? ஒரு கோட்ட வச்சு..."

"லாரிக்காரன் நேத்து ராத்திரி மாட்டிக்கிட்டான்," என்றாள் ஹலீமா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "உங்க பேரச் சொல்லிட்டான். எப்படி உதவுனீங்கன்னுதான் எங்களுக்குப் புரியல. இப்பப் புரியுது."

கதவருகே ஷாக்கோ கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கிழவர் சுற்றிலும் பார்த்தார். ஒரு முகமும் அவர் பக்கம் இல்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"லாரி போறவரைக்கும் காவல் பசங்க பேசக் கூடாதுன்னுதான்... அவன் அடிபட்டுக் கெடக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? சத்தியமா தெரியாதும்மா."

"செத்தப்புறம் தெரிஞ்சுதே? அப்புறமும் அஜாக்கிரதைன்னு சொன்னீங்களே?"

ஹலீமா விலங்கை எடுத்தாள். வகேஷோ கையை நீட்டித் தடுத்தாள். மேசை மேலிருந்த ரேடியோவின் மைக்கை எடுத்துக் கிழவர் மடியில் வைத்தாள்.

"மலை முழுக்க கேக்குது. நியாம்பு கூப்பிட்டான், நாந்தான் கேக்க விடாம அடைச்சேன்னு சொல்லுங்க."

"வேண்டாம்மா. என் பேரப்புள்ளைங்க கேக்கும்."

"கேக்கட்டும்."

ஹலீமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவர் பொத்தானை அமுக்கினார். இரண்டு முறை பாதியில் விட்டுவிட்டுத் தொடங்கினார். ஆனாலும் சொல்லி முடித்தார். ரிப்பீட்டர் அதை வாங்கி மலைக்கு இரு பக்கமும் உரக்கச் சொன்னது. மைக்கை மேசையில் வைத்துவிட்டு, போதுமா என்பது போல அவளைப் பார்த்தார்.

வகேஷோவின் கன்னத்தில் அப்போதுதான் கண்ணீர் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை. மைக்கை எடுத்து மறுபடியும் அவர் கையில் திணித்தாள்.

"மறுபடியும் சொல்லுங்க," என்றாள். "நான் போதும்ங்குற வரைக்கும் சொல்லுங்க."