வலப்பக்கத்துப் புள்ளி

வெள்ளிக்கிழமை காலை பத்து பத்து.

ஏரிக்கரைக் கண் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், படமெடுக்கும் அறையின் பூட்டு பூட்டியபடியே இருந்தது. கதவில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே மேஜை இழுப்பறை மட்டும் திறந்து கிடந்தது. அதிலிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் காணோம்.

"நேத்து சாயங்காலம் என் கையாலதான் வெச்சுப் பூட்டினேன்," என்றார் கஸ் நியெமி. விழித்திரையைப் படமெடுக்கும் வேலை அவருக்கு. "இந்த ரூமுக்கு நேரமே சரியில்ல. ஜனவரியில காத்துக்குழாய் மாத்துறேன்னு வந்தானுங்க, அன்னியிலேர்ந்து ஒரே தூசி. இப்ப திருட்டு வேற."

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"எங்கிட்ட, கோரின்கிட்ட, பெரிய டாக்டர் டோலஃப்சன்கிட்ட. அவர் இந்தப் பக்கம் வந்தே அஞ்சு வருஷம் ஆச்சு."

கேள்வி கேட்டவர் மார்லிஸ் ஹால்வர்சன். போலீஸ் இல்லை. அந்த மருத்துவமனை மருத்துவர்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளைச் சரிபார்த்து, படங்களைக் கோத்து, மருத்துவ இதழ்களுக்கு அனுப்பிவைப்பவர். பத்தொன்பது வருடமாக இதே வேலை. ஒரு படத்தின் கீழே எண் மாறியிருந்தால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது.

அவர் கைப்பையில் முந்தின நாள் வந்த கடிதம் இருந்தது. டாக்டர் டோலஃப்சனும் டாக்டர் கோரின் போப்ரேயும் எழுதிய புது ஊசி மருந்துக் கட்டுரையைப் பற்றி இதழிலிருந்து கேட்டிருந்தார்கள்: 'மூன்றாம் படம், பதினான்காம் நோயாளி. ஊசிக்கு முன் எடுத்த இடக்கண்ணிலும் பின் எடுத்த இடக்கண்ணிலும் ரத்தக்குழாய்கள் ஒன்றுபோல் ஓடவில்லை. வெள்ளி மாலை ஐந்துக்குள் அசல் படங்களை அனுப்புங்கள்.'

அந்த அசல்கள் இருந்தது காணாமல்போன டிஸ்க்கில்.

திருட்டைவிடப் பெரிய பயம் ஒன்று மார்லிஸுக்கு இருந்தது. அன்று மாலை மூன்று மணிக்கு அதே மருந்தை வால்டர் லாஹ்டி என்ற பெரியவருக்குப் போடப்போகிறார்கள். இளமையில் இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் வேலை செய்தபோது கம்பி அறுந்து அடித்து வலக்கண் போனவர். மிச்சமிருப்பது ஒரே கண்.

பதினொன்று இருபது.

டாக்டர் டோலஃப்சன் குரலை உயர்த்தியதே கிடையாது. அதனாலேயே அவர் அறைக்குள் போகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

"டிஸ்க் போனா என்ன மார்லிஸ்? பதினாலாம் நம்பரை நானே என் கண்ணால பரிசோதிச்சிருக்கேன். குறிப்பைப் படிங்க."

மார்லிஸ் படித்தார். பிப்ரவரித் தேதி, டாக்டரின் கையெழுத்து. 'இடக்கண் தெளிவு. மேலே, வலப்பக்கமாக, புதிதாக ஒரு சிறு கரும்புள்ளி. தீங்கற்றது.'

கட்டுரையின் மூன்றாம் படத்தைப் பார்த்தார். ஊசிக்குப் பின் எடுத்த இடக்கண்ணில், மேலே, வலப்பக்கமாக, கடுகளவு கரும்புள்ளி. டாக்டரின் கண்ணும் கேமராவும் ஒரே சாட்சி சொல்லின.

"அப்ப டிஸ்க்கை யாரு எடுத்திருப்பாங்க?"

"சின்ன வயசு. பேர் வாங்கணும்னு அவசரம்." அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. பார்வை மட்டும் பக்கத்து அறைப் பக்கம் போய்வந்தது.

"டிஸ்க் கிடைக்கிற வரைக்கும் இன்னிக்கு ஊசியைத் தள்ளிவைக்கலாமே, டாக்டர்?"

"டிஸ்க்குக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்? நீங்க கமா, புள்ளி பாருங்க. கண்ணை நான் பாத்துக்கறேன்."

பதினொன்று ஐம்பது.

பக்கத்து அறையில் கோரின் போப்ரே எழுந்து நின்றாள். காபிக் கோப்பையை மேஜையில் வைத்தாள்.

"என்னைத்தானே சந்தேகப்படறீங்க?"

"மூணாம் படத்தை யார் கோத்தது?"

"நான்தான். ஆனா கட்டுரைக் கோப்புல ஏற்கெனவே இருந்ததை எடுத்து வெச்சேன். அதுல யார் போட்டாங்கன்னு சத்தியமா தெரியாது."

"ஊசிக்கு அப்புறம் பதினாலாம் நம்பர் அம்மாவோட கண்ணை நீ பாத்தியா?"

"இல்ல. டாக்டர் தானே பாத்துக்கறேன்னுட்டார்." குரலைத் தாழ்த்தினாள். "மார்லிஸ், எனக்கு பயமா இருக்கு. வேலை போறதை நினைச்சு இல்ல. அந்தப் பெரியவரை நினைச்சு."

பதினான்காம் நோயாளியின் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு மார்லிஸ் வெளியே வந்தார்.

ஒன்று நாற்பது.

படமெடுக்கும் அறை இருட்டாக இருந்தது. கண்மணி விரியச் சொட்டு விட்டிருந்த வால்டர் லாஹ்டி, கேமராவின் தாங்கியில் மோவாயை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"யாரது, புதுசா ஒரு மங்கலான உருவம்?"

"மார்லிஸ். பேப்பர் வேலை பாக்கறவ."

"உயில் எழுத வந்துட்டியா பொண்ணே? ஊசியே இன்னும் போடலையே!"

கஸ் சிரித்தார். மார்லிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கிழவரின் இரண்டு கைகளும் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

"இந்தக் கண்ணுல இப்ப எவ்வளவு தெரியும்?"

"எம் பொண்டாட்டி முறைக்கிறது தெரியும். அது போதும் எனக்கு," என்றவர், "இதுவும் போயிட்டா அவளை எங்கேன்னு தேடுவேன்?" என்றார்.

பளிச்சென்று ஒளி அடித்தது. திரையில் ஆரஞ்சு நிற வட்டமாக அவருடைய விழித்திரை விரிந்தது. மேலே, இடப்பக்கமாக, கடுகளவு கரும்புள்ளி.

மார்லிஸ் திரைக்கு அருகே குனிந்தார்.

"கஸ், இவருக்கும் அந்தப் புள்ளி இருக்கா?"

"எந்தப் புள்ளி? ஓ, அதுவா! அது கண்ணுல இல்ல, கேமராவுக்குள்ள இருக்கு. அந்தக் காத்துக்குழாய்த் தூசிதான். யாரைப் படமெடுத்தாலும் அதே இடத்துல வந்து உக்காரும். சுத்தம் பண்ண ஆளு கேட்டு மூணு தடவை எழுதிட்டேன்."

"டாக்டருங்களுக்குத் தெரியுமா?"

"கோரினுக்குத் தெரியும், தினம் அதைச் சொல்லி என்னைத் திட்டுவா. பெரிய டாக்டர் தன் ஆராய்ச்சிப் படத்தை மட்டும்தானே பாக்கறார்!"

"மத்த பத்தொம்பது பேர் படத்துலயும் இது இருக்குமே?"

"அதெல்லாம் டிசம்பரோட முடிஞ்சது. ஜனவரிக்கு அப்புறம் அந்த ஆராய்ச்சிக்குன்னு எடுத்தது பதினாலாம் நம்பர் அம்மாவை மட்டும்தான். கடைசியா ஊசி போட்டுக்கிட்டவங்க அவங்கதான்."

"அவங்க இடக்கண் எப்படி இருந்துச்சு?"

"நாளைக்கு அறுபது கண்ணு எடுக்கறேன் மார்லிஸ். எனக்கு மூஞ்சியே ஞாபகம் இருக்காது."

இரண்டு முப்பத்தைந்து.

மார்லிஸ் தன் அறை ஜன்னல் அருகே நின்றார். வெளியே ஏரி வெள்ளையாக உறைந்து கிடந்தது. கோப்பிலிருந்து பதினான்காம் நோயாளியின் வலக்கண் படத்தை எடுத்தார். அதே பிப்ரவரி நாளில் எடுத்தது. புள்ளி இடப்பக்கம். கட்டுரையிலிருந்த இடக்கண் படத்தில் புள்ளி வலப்பக்கம்.

வலக்கண் தாளைப் பின்பக்கமாகத் திருப்பினார். இடக்கண் தாளின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்தினார்.

ரத்தக்குழாய்கள் கிளைக்குக் கிளை ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. புள்ளி மேல் புள்ளி உட்கார்ந்தது.

கடிகாரத்தைப் பார்த்தார். தாள்களை அள்ளிக்கொண்டு, கோரினின் அறைக் கதவைத் தட்டிவிட்டு ஓடினார்.

இரண்டு ஐம்பத்து மூன்று.

வால்டர் ஊசி போடும் நாற்காலியில் சாய்ந்து படுத்திருந்தார். கண் மரத்துப்போகச் சொட்டு விட்டிருந்தார்கள்; இமைகளைச் சிறு கம்பி அகட்டிப் பிடித்திருந்தது. ஊசி டோலஃப்சனின் கையில் இருந்தது.

"டாக்டர், அதைக் கீழே வைங்க."

"வெளியே போங்க, மார்லிஸ்."

"பதினாலாம் நம்பரோட இடக்கண் படம் இடக்கண்ணே இல்ல. அவங்க நல்ல கண்ணை, வலக்கண்ணைக் கண்ணாடியில காட்டுற மாதிரி திருப்பிப் போட்டது. பண்ணினது நீங்க."

"கோரின் கோத்த படத்துக்கு..."

"கோரினுக்கு அந்தப் புள்ளி தூசின்னு தெரியும்." மார்லிஸ் ஓர் அடி முன்னே வந்தார். "அது கேமராவுல இருக்கிற தூசி. யார் கண்ணை எடுத்தாலும் இடப்பக்கம்தான் விழும். திருப்பின படத்துல மட்டும் வலப்பக்கம் போயிடுச்சு. உங்களுக்கு அது தெரியாது. கண்ணுக்குள்ள இருக்கிறதுன்னு நினைச்சீங்க. ஊசிக்கு முன்னாடி டிசம்பர்ல எடுத்த படத்துல இல்லாதது இப்ப எப்படி வந்துச்சுன்னு இதழ்ல கேப்பாங்களேன்னு பயந்து, 'புதுசா ஒரு கரும்புள்ளி'ன்னு குறிப்பு எழுதினீங்க. எந்தக் கண்ணுலயும் இல்லாத புள்ளியை, கண்ணைப் பரிசோதிச்ச டாக்டர் எப்படிப் பாக்க முடியும்? நீங்க அந்தக் கண்ணைப் பாத்து எழுதல. படத்தைப் பாத்து எழுதினீங்க."

மார்லிஸ் இரண்டு தாள்களையும் அவர் முன்னே நீட்டினார்.

"அசலைக் கேட்டதும் டிஸ்க் தொலைஞ்சுது. அந்தம்மாவுக்கு இடக்கண்ணுல என்ன ஆச்சு, டாக்டர்?"

டோலஃப்சன் தாள்களைப் பார்த்தார். "ரத்தக்குழாய் அடைச்சு, பார்வை போயிடுச்சு," என்றார் மெல்ல. "இருபதுல ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. அதை எழுதினா மருந்தே செத்துப்போயிடும்."

"என்னோடதும் ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர்," என்றார் வால்டர், படுத்தபடியே. "முதல்ல இந்தக் கம்பியைக் கழட்டச் சொல்லுங்க."

கதவருகே வந்து நின்றிருந்த கோரின் ஓடிவந்து கம்பியைக் கழற்றினாள். ஊசி தட்டில் விழுந்த சத்தம் கேட்டது. டாக்டர் தம் கோட்டுப் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து, அதன் பக்கத்தில் வைத்தார்.

நான்கு இருபது.

மருத்துவமனைத் தலைவர் வந்து கதவைச் சாத்திக்கொண்டு டோலஃப்சனிடம் பேசிக்கொண்டிருந்தார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதி அனுப்பிவிட்டு, மார்லிஸும் கோரினும் பதினான்காம் நோயாளியைத் தொலைபேசியில் அழைத்தார்கள். ஐடா சொர்வாரி, அறுபத்தெட்டு வயது, தனியாக இருப்பவர்.

கோரின்தான் பேசினாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"நான்தான் கெடுத்துக்கிட்டேன்னு நினைச்சேன்," என்றார் ஐடா. "ஒருநாள் சொட்டு மருந்து விட மறந்துட்டேன். அதனாலதான்னு டாக்டர் சொன்னார். வெக்கமா இருந்துச்சு. எம் பொண்ணுகிட்டகூடச் சொல்லல."

"உங்க மேல தப்பே இல்லம்மா," என்றாள் கோரின். ரிசீவரை நீட்டினாள். மார்லிஸ் ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"வேற யாருக்காவது இப்படி ஆச்சா?" என்று கேட்டார் ஐடா.

"இல்ல. இன்னிக்கு ஒருத்தர் நாற்காலி வரைக்கும் போனார். எழுந்து வந்துட்டார்."

"வந்துட்டாரா? நல்லது." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி, வைக்கறேன். எம் பொண்ணைக் கூப்பிடணும்."